அந்தக் குழந்தை பிழைத்துக்கொண்டது

ரோனோக், வர்ஜீனியா

அன்புள்ள மல்லி,

என் நாவலில் வருகிற குழந்தை பிழைத்துக்கொண்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றதைப் படிக்காமல் கடைசிப் பக்கத்துக்குத் தாவிவிடுவாய். ஹாஸ்டலில் தொடர்கதைகளை எல்லாம் முடிவிலிருந்து படித்துவிட்டு, எங்களுக்கும் சொல்லிக் கெடுத்தவள் ஆச்சே நீ. சுமதி இன்னும் அதை மன்னிக்கவில்லை.

பதில் எழுத நாளாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லையா? சேகருக்கு மாற்றல் ஆனதைக் கலா சொன்னாள். இங்கே எல்லாரும் சௌக்கியம். பெரியவன் கார் ஓட்டப் பழகுகிறான். சின்னவளுக்குப் பல் விழுந்திருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சுரங்க ஊர் நாவலிலிருந்து நான் அனுப்பிய ஐந்து அத்தியாயங்களைப் பற்றி இரண்டு புகார் எழுதியிருந்தாய். முதலாவது, துப்பாக்கிச் சண்டை எங்கே என்பது. இரண்டாவதை ஒரே வரியில் எழுதியிருந்தாய்: 'அந்தக் கைக்குழந்தையை மட்டும் கொன்றுவிடாதே.' மற்றதெல்லாம் நீல மை, அந்த வரி மட்டும் பென்சில். அது ஏன் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். ஆனால் அந்த வரிதான் இத்தனை நாளும் என்னை உலுக்கி எடுத்தது.

முதலில் துப்பாக்கி. கதை நடக்கிற மேற்கு வர்ஜீனியாவில், மேட்வான் ஊருக்குப் போனால் செங்கல் சுவரில் குண்டு பாய்ந்த ஓட்டைகளை இன்றும் பார்க்கலாம். வருகிறவர்கள் எல்லாரும் அதற்குள் விரலை வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1920 மே 19. சங்கத்தில் சேர்ந்த நிலக்கரித் தொழிலாளர்களின் குடும்பங்களைக் கம்பெனி வீடுகளிலிருந்து வெளியேற்ற பால்ட்வின்-ஃபெல்ட்ஸ் என்ற தனியார் துப்பறியும் ஏஜென்சியின் ஆட்கள் வந்தார்கள். சாமான்களைத் தெருவில் எறிந்துவிட்டு, ரயிலுக்குத் திரும்பியவர்களை ஊர்ப் போலீஸ் தலைவர் சிட் ஹாட்ஃபீல்ட் வழிமறித்தார். சில நிமிடங்களில் பத்துப் பேர் செத்தார்கள்: ஏஜென்சி ஆட்கள் ஏழு பேர், இரண்டு தொழிலாளர்கள், மேயர் டெஸ்டர்மன். அடுத்த வருஷம் ஆகஸ்ட் 1-ஆம் தேதி வெல்ச் ஊர் நீதிமன்றப் படிக்கட்டில், மனைவி பக்கத்தில் நிற்கும்போதே சிட்டைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த ஆத்திரத்தில் கிட்டத்தட்ட பத்தாயிரம் தொழிலாளர்கள் கழுத்தில் சிவப்புக் கைக்குட்டை கட்டிக்கொண்டு பிளேர் மலையை நோக்கி நடந்தார்கள். அவர்கள்மேல் விமானத்திலிருந்து குண்டு போட்டார்கள், மல்லி. அமெரிக்க மண்ணில், அமெரிக்கத் தொழிலாளிகள்மேல்!

இதெல்லாம் பெரிய கதைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்த மலைகளைப் பற்றி எழுத வருகிற எல்லாருக்கும் கையில் முதலில் தட்டுப்படுவது துப்பாக்கிதான். சண்டை, பழிக்குப் பழி, சாராயம். அந்தத் தெருவில் எறிந்த சாமான்களை யார் பொறுக்கி எடுத்தார்கள், அன்று ராத்திரி பிள்ளைகள் எங்கே படுத்தார்கள், மறுநாள் காலையில் அடுப்பை எதன்மேல் வைத்தார்கள்? எனக்கு அதுதான் வேண்டும். அதனால் என் நாவலில் சண்டை நடக்கும்போது கதாநாயகி துணி துவைத்துக்கொண்டிருப்பாள். சத்தம் மட்டும் கேட்கும். நீ எவ்வளவு கெஞ்சினாலும் அது மாறாது.

அவள் ஏன் சுரங்க ஊருக்கு வந்தாள் என்று கேட்டிருந்தாய். அவள் டக் ஃபோர்க் ஆற்றுக்கு அந்தப் பக்கம், கென்டக்கி மலையில் பிறந்தவள். அவளுடைய அப்பா காலத்தில் தரகர்கள் குதிரையில் வந்து, மண்ணுக்கு அடியில் இருக்கிற நிலக்கரி உரிமையை மட்டும் விலைக்குக் கேட்டார்கள். ஏக்கருக்கு அரை டாலர், ஒரு டாலர். மேலே நிலம் உன்னுடையதேதான், உழுதுகொள், வீடு கட்டிக்கொள் என்றார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கீறல் போட்டுக் கொடுத்தார்கள். கரியை எடுக்க எது தேவைப்பட்டாலும் கம்பெனி செய்துகொள்ளலாம் என்று அந்தப் பத்திரத்தில் இருந்தது. பின்னாளில் புல்டோசர் வந்து தோட்டத்தையும் தோப்பையும் வழித்துத் தள்ளியபோது நீதிமன்றங்கள் அந்தப் பத்திரத்தைத்தான் செல்லும் என்றன. கென்டக்கியில் 1988-ல் அரசியல் சட்டத்தையே திருத்தித்தான் அதை நிறுத்த முடிந்தது. 1965-ல் ஆலி கோம்ப்ஸ் என்ற விதவை புல்டோசருக்கு முன்னால் உட்கார்ந்து சிறைக்குப் போனார். அது என் கதைக்கு ரொம்பப் பிந்திய காலம், உள்ளே கொண்டுவர முடியாது. அந்த வருத்தம் எனக்கு உண்டு.

அவள் சின்ன வயதில் செஸ்ட்நட் மரத்துக் கொட்டைகள் உதிர்கிற காலத்தில் பிள்ளைகள் எல்லாம் விடிவதற்குள் மலையேறிப் பொறுக்குவார்கள். மூட்டையைக் கடைக்காரரிடம் கொடுத்துக் குளிர்காலத்துக்குச் செருப்பு, ஷூ வாங்குவார்கள். அந்த மரங்களும் நிலைக்கவில்லை. 1904-ல் நியூயார்க்கில் முதன்முதலாகத் தென்பட்ட ஒரு பூஞ்சை நோய் மலை மலையாகப் பரவி, நாற்பது ஐம்பது வருஷத்தில் கோடிக்கணக்கான மரங்களைத் தின்றுவிட்டது.

கல்யாணமாகிச் சுரங்க ஊருக்கு வந்ததும் அவளுக்கு எல்லாமே கம்பெனிதான். வீடு கம்பெனியுடையது, டாக்டர் கம்பெனி ஆள், கடையும் கம்பெனிக் கடை. புருஷனுக்கு டன் கணக்கில் கூலி. வண்டியில் கல் கலந்திருக்கிறது என்று சொல்லி எடையில் கழிப்பார்கள். அப்புறம் வாடகை, டாக்டர் பணம், வெடிமருந்துக் காசு, கருவிகளைத் தீட்டும் கொல்லனுக்குக் காசு என்று வரிசையாகப் பிடித்தம். மிச்சம் இருந்தால், அடுத்த சம்பளத்துக்கு முன்னாலேயே கம்பெனியின் பெயர் அடித்த உலோக வில்லைகளாக வாங்கிச் செலவழித்திருப்பார்கள். அந்த வில்லை அந்தக் கடையைத் தவிர வேறெங்கும் செல்லாது. சம்பளச் சீட்டின் கடைசியில் ஒரு கோடு மட்டும் இருக்கிற மாதங்களும் உண்டு. அந்தச் சீட்டைப் பார்த்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. இவர்கள் கஷ்டத்தை எழுத வேண்டுமானால் சுரங்க வாசலில் நின்று பயனில்லை, அடுக்களையில் நிற்க வேண்டும். சீட்டில் விழுந்த கோட்டை மாவாகவும் பன்றிக் கொழுப்பாகவும் மாற்ற வேண்டியவள் அவள்.

வேலை போனால் வீடும் போகும் என்பதுதான் ஒப்பந்தம். வெளியேற்றிய குடும்பங்களுக்குச் சங்கம் கூடாரங்கள் கொடுத்தது. லிக் க்ரீக் பக்கத்தில் ஒரு கூடார ஊரே முளைத்தது. மலைக்காரர்கள், தெற்கிலிருந்து வந்த கறுப்பினத்தவர்கள், இத்தாலியர்கள் எல்லாரும் ஒரே தொழிலில், ஒரே சங்கத்தில். மேட்வான் இருக்கிற மிங்கோ கவுண்டியின் குளிரில் கித்தான் துணிக்குள் பெண்கள் பிள்ளை பெற்றார்கள். நம் குழந்தையும் அங்கேதான் பிறக்கிறது.

இப்போது பென்சில் வரிக்கு வருகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு கிழவி இருக்கிறார் என்று சொன்னேனே, தகப்பனார் சுரங்கத் தூசியில் நுரையீரல் கெட்டு இறந்தவர். மே மாதக் கடைசியில் என்னையும் மலைமேல் அவர்களுடைய குடும்பக் கல்லறைக்கு அழைத்துப் போனார். வருஷத்துக்கு ஒரு நாள் உறவெல்லாம் கூடிப் புல் வெட்டிப் பூ வைத்து, அங்கேயே துணி விரித்துச் சாப்பிடுகிறார்கள். பெரியவர்களின் கல்லில் பெயர் இருக்கிறது. ஓரமாக முழங்கால் உயரம்கூட இல்லாத வெறும் ஆற்றுக்கல் சில. எழுத்து இல்லை. எல்லாம் குழந்தைகள். கிழவி ஒவ்வொன்றுக்கும் பூ வைத்தார். யார் யார் என்று அவருக்கே தெரியாது.

வீட்டுக்கு வந்து, குழந்தை சாகும் அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தேன். வந்துகொண்டே இருந்தது, மல்லி, அவ்வளவு சுலபமாக. இருமல், பனி, சவப்பெட்டிக்குப் பலகை தேடும் அப்பா. எழுதி முடித்தால் யாராக இருந்தாலும் அழுவார்கள். அந்தச் சுலபம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. மலைக் குடும்பக் கதை என்றால் ஒரு குழந்தை சாக வேண்டும் என்பது எழுதாத விதி மாதிரி ஆகிவிட்டது. வாசகர் அழுவார், புத்தகத்தை மூடுவார், ஐயோ பாவம் என்பார். பிழைத்தவர்கள் என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பிழைத்திருப்பதற்குத்தான் அங்கே அத்தனை வேலை இருந்தது. ஆகவே குழந்தை இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். உன் பென்சிலுக்காக மட்டும் இல்லை. ஆனால் உனக்காகவும்தான்.

அதற்குப் பதிலாக ஒரு அத்தியாயம் எழுதியிருக்கிறேன். 1921 ஜூன் மாதம் மாநிலப் போலீசும் அவர்களோடு சேர்ந்த உள்ளூர் ஆட்களும் லிக் க்ரீக் கூடாரங்களுக்குள் புகுந்தார்கள். கித்தானைக் கத்தியால் கிழித்தார்கள். அலெக்ஸ் பிரீட்லவ் என்ற தொழிலாளியைச் சுட்டுக் கொன்றார்கள். இவ்வளவும் வரலாறு. என் அத்தியாயம் அடுத்த நாள் காலை தொடங்குகிறது. அவளிடம் ஒரு தடித்த ஊசி இருக்கிறது. கோடையில் முழு பீன்ஸை நூலில் கோத்து அடுப்போரம் தொங்கவிட்டு வற்றல் போடுவார்கள். குளிர்காலத்தில் அதை ராத்திரி ஊறவைத்து உப்புப் பன்றியோடு நாளெல்லாம் வேகவிடுவார்கள். கிழவி வீட்டுத் திண்ணையில் இன்றும் அந்தச் சரங்கள் தொங்குகின்றன, ஊசியைக்கூட என் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அந்த ஊசியால் அவள் கூடாரத்தைத் தைக்கிறாள். நூலில் தேன்மெழுகு தேய்க்கிறாள், மழை இறங்கக் கூடாது என்று. கித்தான் தடிப்பு, ஊசி பாதியில் நின்றுவிடுகிறது. கரண்டியின் முதுகால் தள்ளுகிறாள். கிழிசலின் இரண்டு ஓரங்களையும் மடித்து மேலே மேலே வைத்துத் தைத்தால்தான் தண்ணீர் ஒழுகாது, அதனால் கூடாரம் சிறுத்துக்கொண்டே வருகிறது. சாயங்காலம் நான்கு பேர் படுத்த இடத்தில் மூன்று பேருக்குத்தான் இடம். பெரிய பையன் ஒன்றும் சொல்லாமல் தன் போர்வையை வெளியே எடுத்துப் போகிறான். இதற்கு அழுவாயா மாட்டாயா, சொல். நான் எழுதும்போது அழுதேன்.

புருஷனைப் பற்றி நீ ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை. அவனைக் கொஞ்சம் பொறுத்துக்கொள். 1908 செப்டம்பரில் லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர் மேற்கு வர்ஜீனியா சுரங்கம் ஒன்றில் ஒரு பையனைப் படம் எடுத்தார். பதினைந்து வயது. கரி வண்டி வரும்போது கதவைத் திறந்து மூடுவது மட்டும்தான் வேலை. மற்ற நேரமெல்லாம் இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். பத்து மணி நேரத்துக்கு முக்கால் டாலர். அந்தக் கதவு முழுக்கச் சாக்கட்டியில் படங்கள், பறவைகள். இருட்டில் அது ஹைனுக்கே தெரியவில்லை. படத் தகட்டைக் கழுவிய பிறகுதான் தெரிந்ததாம். என் கதையில் புருஷன் சின்ன வயதில் அப்படி ஒரு கதவருகே உட்கார்ந்தவன். தன் பையன் உட்காரக் கூடாது என்பது அவனுக்கு வைராக்கியம். அதற்காகத்தான் சங்கத்தில் சேர்ந்தான்.

இப்போது நான் மாட்டிக்கொண்டிருக்கும் இடம். வேலைநிறுத்தம் தோற்றது. 1922 அக்டோபரில் சங்கமே அதை முடித்துக்கொண்டது. இரண்டு குளிர்காலம் கூடாரத்தில் கிடந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. சங்கத்தில் சேரும் உரிமை சட்டமாக வர 1933 ஆயிற்று. அதுவரை வேலையும் வீடும் வேண்டுமென்றால், சங்கத்தில் சேரமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். மறுபடி குளிர் வருகிறது, குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டது, பையனுக்குப் பதின்மூன்று வயது. புருஷன் கையெழுத்துப் போடுகிறான். நேற்று அந்தப் பக்கம் முடிந்தது.

அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. பெட்டி கட்டிக்கொண்டு கம்பெனி வீட்டுக்குப் போவாள், அதில் சந்தேகமில்லை, குழந்தை இருக்கிறது. ஆனால் அவனிடம் பேசுவாளா? உன் பாட்டி தாத்தாவிடம் ஏழு வருஷம் பேசாமலே மூன்று வேளையும் சோறு போட்டதை நீதானே மொட்டை மாடியில் சொன்னாய். அது எப்படி நடந்தது, எந்த வார்த்தையோடு முடிந்தது என்று எனக்கு விவரமாக எழுது. உங்கள் அம்மாவிடமும் கேள். போனில் வேண்டாம், போனில் நீ சிரித்தே கெடுத்துவிடுவாய்.

ஆறாவது, ஏழாவது அத்தியாயங்களைத் தனி உறையில் அனுப்பியிருக்கிறேன். நீல மையோ பென்சிலோ, எதில் வேண்டுமானாலும் கிறுக்கு. சுமதிக்கு முடிவைச் சொல்லாதே.

உன்,
வசந்தி