யார் வந்தால் வசதி என்பது கணிப்பு ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2028 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஜனநாயகக் கட்சி யாரை நிறுத்தும் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கமலா ஹாரிஸ், கேவின் நியூசம், அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ-கோர்டெஸ் (சுருக்கமாக ஏஓசி) என்று மூன்று பேரைச் சொல்லி, அதிலும் கமலாவுக்கே முக்கால்வாசி இடத்தைக் கொடுத்திருந்தீர்கள். நான் டெக்சாஸில் இருக்கிறேன், குடியுரிமை கிடைத்ததிலிருந்து குடியரசுக் கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டு வருகிறேன், அதனால் இதை எதிர்முகாமிலிருந்து வரும் கடிதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் பட்டியலைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் எங்கள் கட்சி ஆட்கள் வாயைத் திறந்தால் சொல்வதும் அச்சு அசல் இதே மூன்று பெயர்கள்தான்.

இங்கே கோயில் கேன்டீனில் சனிக்கிழமை தோசைக்கு வரிசையில் நிற்கும்போது இந்தப் பேச்சு வராமல் இருக்காது. "அடுத்து யாரைப் போடுவாங்க?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "கமலாவையே மறுபடி போடட்டும் சார், நமக்கு வேலை மிச்சம்" என்பார் இன்னொருவர். "ஏஓசி வந்தா இன்னும் நல்லது" என்பார் மூன்றாமவர். கவனித்துக் கேட்டால் தெரியும், இதில் யாரும் எதையும் கணிக்கவில்லை, யாரை எளிதாகத் தோற்கடிக்கலாமோ அவர் பெயரைச் சொல்லி மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். எதிர்க்கட்சியின் வேட்பாளர் யார் என்று பேசும்போது எல்லாக் கட்சிக்காரர்களும் செய்வது இதைத்தான்.

இதற்கு இந்த நாட்டில் நல்ல சரித்திரமே இருக்கிறது. 1980-இல் ஜனநாயகக் கட்சி அதிபர் ஜிம்மி கார்ட்டரைச் சுற்றியிருந்தவர்கள் குடியரசுக் கட்சியிலிருந்து ரேகன் வந்தால் பரவாயில்லை என்று நினைத்தார்கள், வயதான முன்னாள் நடிகர், தீவிர வலதுசாரி, மக்கள் பயப்படுவார்கள் என்பது கணக்கு. ரேகன் 44 மாநிலங்களை அள்ளிக்கொண்டு போனார். அப்புறம் 2015 ஏப்ரல். ஹிலரி கிளின்டன் தரப்பில் ஒரு குறிப்பு தயாரானது, குடியரசுக் கட்சியின் டிரம்ப், டெட் க்ரூஸ், பென் கார்சன் ஆகிய மூவரையும் ஊடகங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளும்படி செய்தால் அந்தக் கட்சியே ஓரத்துக்குத் தள்ளப்படும் என்று. டிரம்ப் அப்போது போட்டியிடப் போவதாக அறிவிக்கக்கூட இல்லை, டிரம்ப் டவரின் நகரும் படிக்கட்டில் இறங்கி வந்து அவர் அதை அறிவித்தது ஜூன் 16-இல்தான். மறு வருடம் விக்கிலீக்ஸ் மூலம் அந்தக் குறிப்பு வெளியே வந்தது, அடுத்த மாதமே தேர்தலில் என்ன நடந்தது என்பது உங்களுக்கே தெரியும். சொந்தச் செலவில் சூனியம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

இதெல்லாம் எப்போதும் திருப்பி அடிக்கும் என்றும் சொல்ல முடியாது. 2012-இல் மிசூரியில் ஜனநாயகக் கட்சி செனட்டர் கிளேர் மெக்காஸ்கில் எதிர்க்கட்சி உட்கட்சித் தேர்தலில் (கட்சியின் வேட்பாளர் யார் என்று வாக்காளர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் தேர்தல்) தனக்கு வசதியான டாட் ஏகினை ஜெயிக்க வைக்க விளம்பரமே போட்டார், "இவர் ரொம்பத் தீவிரமான பழமைவாதி" என்று திட்டுவது போல் ஒரு விளம்பரம், அதைப் பார்த்த பழமைவாதிகள் எல்லாம் போய் ஏகினுக்குக் குத்தினார்கள், அவரும் ஜெயித்து வந்து மெக்காஸ்கிலிடம் மண்ணைக் கவ்வினார். 2022-இல் பென்சில்வேனியாவில் ஜனநாயகக் கட்சியின் ஜாஷ் ஷாப்பிரோ செய்ததும் கிட்டத்தட்ட இதேதான், டக் மாஸ்ட்ரியானோவைப் பற்றி அவர் போட்ட விளம்பரம் எதிர்க்கட்சி வாக்காளர்களுக்குச் சிபாரிசு மாதிரி இருந்தது. ஷாப்பிரோ ஏறக்குறைய 15 சதவீத வித்தியாசத்தில் ஆளுநர் ஆனார். உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இடம் கிடைக்காத இந்த ஷாப்பிரோவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருகிறேன்.

டெக்சாஸில் இன்னொரு கூத்தும் உண்டு. இங்கே வாக்காளர் பதிவில் கட்சி என்ற பேச்சே கிடையாது. உட்கட்சித் தேர்தல் நாளன்று வாக்குச்சாவடிக்குப் போனால், அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு எந்தக் கட்சியின் சீட்டு வேண்டும் என்று கேட்பார்கள், எதைச் சொல்கிறோமோ அதைத் தருவார்கள். அதாவது நான் நினைத்தால் 2028-இல் ஜனநாயகக் கட்சியின் சீட்டை வாங்கி, அவர்களிலேயே யார் பலவீனம் என்று தோன்றுகிறதோ அவருக்குக் குத்திவிட்டு வரலாம். என் நண்பர்கள் சிலர் இப்போதே அதைத் திட்டம் போட்டுப் பேசுகிறார்கள். புது யோசனை ஒன்றும் இல்லை. 2008-இல் வலதுசாரிப் பேச்சாளர் ரஷ் லிம்பா ரேடியோவில் இதையேதான் சொன்னார், ஹிலரிக்குப் போடுங்கள், ஒபாமாவுடன் அவர் சண்டை நீளட்டும் என்று. சண்டை ஜூன் வரை நீண்டது. என் பார்வையில் அதனால் லாபம் அடைந்தவர் ஒபாமாதான், ஏனென்றால் மே மாதம் வரை இந்தியானாவிலும் வட கரோலினாவிலும் தெருத் தெருவாக ஆள் சேர்க்க வேண்டிய கட்டாயம் அவருக்கு வந்தது, நவம்பரில் அந்த இரண்டு மாநிலங்களையும் அவரே ஜெயித்தார். இந்தியானாவில் ஜனநாயகக் கட்சி அதற்கு முன்னால் ஜெயித்தது 1964-இல்.

சரி, கமலா விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஆட்கள் அவர் வர வேண்டும் என்று ஆசைப்படுவது ஒரு காரணத்துக்காக, நீங்கள் ஆசைப்படுவது வேறு காரணத்துக்காக. மன்னார்குடி பக்கத்தில் துளசேந்திரபுரம் கோயில் கல்வெட்டில் நன்கொடையாளர் வரிசையில் அவர் பெயர் இருக்கிறது, தாத்தா கோபாலனின் ஊர், 2024-இல் அங்கே பேனர் வைத்துச் சிறப்புப் பூஜை எல்லாம் செய்தார்கள். எனக்கும் அந்தப் படங்களைப் பார்த்தபோது ஒரு மாதிரி சந்தோஷமாகத்தான் இருந்தது, ஓட்டை மட்டும் வேறு பக்கம் போட்டேன். ஆனால் பெசன்ட் நகர் கடற்கரையில் தாத்தாவுடன் நடந்தார் என்பதை வைத்து, ஜனநாயகக் கட்சி வேட்பாளரைத் தீர்மானிப்பதில் முக்கியமான தென் கரோலினாவில் யாரும் ஓட்டுப் போட மாட்டார்கள். அங்கே அவருக்கு மரியாதை இருக்கிறது, கறுப்பின வாக்காளர்கள் மத்தியில் நிஜமான ஆதரவும் இருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் இதுவரை ஓர் அதிபர் வேட்பாளர் உட்கட்சித் தேர்தலில்கூட ஓட்டு வாங்கி ஜெயித்ததில்லை. 2019 டிசம்பரில் முதல் ஓட்டு விழுவதற்கு முன்பே விலகினார். 2024 ஜூலையில் பைடன் விலகியபோது நேராக அவர் கைக்கு வந்தது. நவம்பரில் இழுபறி மாநிலங்கள் ஏழும் போயின, அதிபரை முடிவு செய்யும் தேர்வாளர் வாக்குகளில் (ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை என்று உண்டு) 226-க்கு 312.

அதைவிட முக்கியம், ஒருமுறை தோற்றவரை ஜனநாயகக் கட்சி மறுபடி நிறுத்துவதில்லை. அட்லாய் ஸ்டீவன்சனை 1952-இல் நிறுத்தித் தோற்றார்கள், 1956-இல் மறுபடி நிறுத்தி மறுபடி தோற்றார்கள், அதோடு சரி. 1968-இல் தோற்ற ஹம்ஃப்ரி 1972-இல் முயன்று பார்த்தார், கிடைக்கவில்லை. கோர், கெர்ரி, ஹிலரி யாரும் தோற்றபின் அடுத்த தேர்தலில் இறங்கவே இல்லை. எங்கள் கட்சி வேறு மாதிரி, நிக்சனும் டிரம்ப்பும் தோற்று எழுந்து வந்து ஜெயித்தவர்கள். கமலா கலிஃபோர்னியா ஆளுநர் பதவிக்குப் போட்டியிடவில்லை என்று 2025 ஜூலையில் சொன்னதிலிருந்து அவர் அதிபர் தேர்தலுக்குத்தான் தயாராகிறார் என்று எழுதுகிறார்கள். தயாராகட்டும். அந்தக் கட்சியின் பழக்கத்தை அவர் உடைக்க வேண்டும், அது லேசில்லை.

நியூசம் கதை வேறு. அவரை வளர்த்துவிட்டதே எங்கள் டெக்சாஸ்காரர்கள்தான் என்று நான் சொன்னால் இங்கே யாருக்கும் பிடிப்பதில்லை. 2025 ஆகஸ்டில் எங்கள் சட்டமன்றம் தொகுதிகளை மாற்றி வரைந்தது, ஐந்து இடங்கள் கூடுதலாகக் கிடைக்கும் என்று. பதிலுக்கு கலிஃபோர்னியா ஆளுநராக இருந்த அவர், அங்கே தொகுதிகளைத் தன் கட்சிக்குச் சாதகமாக மாற்றி வரையும் 50-ஆவது தீர்மானத்தைக் கொண்டுவந்து நவம்பர் 4 அன்று மக்கள் ஓட்டில் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்துக் காட்டினார். அதுவரை அவர் கட்சித் தொண்டர்களுக்கே அவர் மேல் அவ்வளவு பிரியம் கிடையாது, திடீரென்று "சண்டை போடத் தெரிந்த ஆள்" ஆகிவிட்டார். டிரம்ப் மாதிரியே பெரிய எழுத்தில் பதிவு போட்டுக் கிண்டல் செய்கிறார், அதுவும் எடுபடுகிறது. எங்கள் தெருவில் கலிஃபோர்னியாவிலிருந்து வீட்டை விற்றுவிட்டு வந்த குடும்பங்கள் இருக்கின்றன, அவர்களிடம் நியூசம் பெயரைச் சொல்லிப் பாருங்கள், பெட்ரோல் விலை, வீட்டு விலை, வரி என்று அரை மணி நேரம் நிறுத்த மாட்டார்கள். அதைக் கேட்டுத்தான் எங்கள் ஆட்கள் "நியூசம் வந்தால் நமக்குக் கொண்டாட்டம்" என்கிறார்கள். அங்கே பிடிக்காமல் கிளம்பி வந்தவர்கள் அப்படித்தானே பேசுவார்கள்!

ஏஓசி பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2018-இல் தன் கட்சியின் பெரிய தலையான ஜோ க்ரௌலியை உட்கட்சித் தேர்தலில் வீழ்த்தியவர், கூட்டம் சேர்க்கத் தெரிந்தவர். 2028-இல் நியூயார்க்கில் ஷூமரின் செனட் இடமும் தேர்தலுக்கு வருகிறது, நான் அவராக இருந்தால் அதைத்தான் பார்ப்பேன். இதே வேகத்தில் நியூயார்க் மேயர் தேர்தலில் ஜெயித்த மம்தானி வரலாமே என்று ஊரிலிருந்து என் சித்தப்பா போனில் கேட்டார். அவர் பிறந்தது கம்பாலாவில், அமெரிக்க அரசியலமைப்புப்படி பிறப்பால் குடிமகனாக இல்லாதவர் அதிபர் ஆக முடியாது, பேச்சு அங்கேயே முடிந்தது.

இப்போது எங்கள் ஆட்கள் பேச விரும்பாத பெயர்களைப் பார்ப்போம். ஷாப்பிரோ பெயரைச் சொன்னால் கேன்டீன் வரிசையில் பேச்சு குறைகிறது. பென்சில்வேனியாவில் 19 தேர்வாளர் வாக்குகள், அது இல்லாமல் எங்களுக்கு வெள்ளை மாளிகைக்கு வழி ரொம்பக் கஷ்டம். 2023 ஜூனில் ஃபிலடெல்ஃபியாவில் ஐ-95 நெடுஞ்சாலைப் பாலம் தீயில் இடிந்தபோது பல மாதம் ஆகும் என்றார்கள், 12 நாளில் வண்டி ஓட வைத்தார். கண்ணால் பார்க்கிற மாதிரி வேலை, அதை விளம்பரத்தில் காட்டிக்கொண்டே இருக்கலாம். (இங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், நம் ஊர் முதல்வருக்குச் சமம். உங்கள் வாசகர்கள் சிலர் ஆளுநர் மாளிகையை நினைத்துக்கொள்ளப் போகிறார்கள்.)

அதைவிட எனக்குப் பயம் ஆண்டி பெஷியர் மேல்தான். கென்டக்கியில் டிரம்ப் 2024-இல் 30 சதவீத வித்தியாசத்தில் ஜெயித்தார், அதே மாநிலத்தில் அதற்கு முந்தைய வருடம் பெஷியர் ஐந்து சதவீத வித்தியாசத்தில் இரண்டாம் முறை ஆளுநர் ஆனார். டிரம்ப்புக்கு ஓட்டுப் போடும் ஆட்களில் கணிசமானவர்கள் இவருக்கும் போட்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்? சூறாவளி வந்தபோதும் வெள்ளம் வந்தபோதும் களத்தில் நின்றார், கத்திப் பேச மாட்டார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிற ஆள். 1972-இல் மண்ணைக் கவ்விய பிறகு அந்தக் கட்சி ஜார்ஜியாவிலிருந்து கார்ட்டரைக் கொண்டுவந்தது, மூன்று தேர்தல் தொடர்ந்து தோற்ற பிறகு ஆர்கன்சாவிலிருந்து கிளின்டனைக் கொண்டுவந்தது. இரண்டு பேரும் தெற்கத்தி ஆளுநர்கள், இரண்டு பேரையும் ஒரு வருடத்துக்கு முன்னால் தேசிய அளவில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

ஆனால் அவருக்கு ஒரு சிக்கல், அது உங்கள் கட்டுரை தொடாத விஷயம். வேட்பாளரைத் தீர்மானிப்பது தேசியக் கருத்துக்கணிப்பு கிடையாது, எந்த மாநிலம் எந்த வரிசையில் ஓட்டுப் போடுகிறது என்பதுதான். 2007 முழுக்கக் கணிப்புகளில் முன்னால் நின்ற எங்கள் கட்சியின் ஜூலியானி ஒரு பிரதிநிதியைக்கூட (கட்சி மாநாட்டில் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பவர்கள் இவர்கள்தான்) வாங்காமல் வீட்டுக்குப் போனார். 2020-இல் பைடன் அயோவாவில் நான்காவது, நியூ ஹாம்ஷயரில் ஐந்தாவது, எல்லோரும் இரங்கல் எழுதிவிட்டார்கள். பிப்ரவரி 29 அன்று தென் கரோலினாவில் கறுப்பின வாக்காளர்கள் தூக்கி நிறுத்தினார்கள், மூன்று நாளில் 14 மாநிலங்களில் ஓட்டு, கதை முடிந்தது. ஜனநாயகக் கட்சி விதிப்படி 15 சதவீதம் தொடாதவருக்குப் பிரதிநிதிகள் கிடையாது, பத்துப் பேர் மோதினால் பாதிப்பேர் காலி. கென்டக்கியில் கறுப்பின மக்கள் தொகை குறைவு, பெஷியர் அந்த வாக்காளர்களிடம் அறிமுகம் ஆக வேண்டும். ஷாப்பிரோவுக்கு ஃபிலடெல்ஃபியா இருக்கிறது, பழகியவர். அதனால் என் கணிப்பு ஷாப்பிரோ, என் பயம் பெஷியர். இரண்டும் பலிக்காமல் யாருமே யோசிக்காத ஆறாவது ஆள் வந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என் மனைவி ஜனநாயகக் கட்சிக்காரர். எங்கள் பக்கம் யார் என்று அவரிடமும் அவர் தோழிகளிடமும் கேட்டால் "வான்ஸ்தான், வேற யாரு" என்று டிரம்ப்பின் துணை அதிபர் பெயரை அவ்வளவு உற்சாகமாகச் சொல்கிறார்கள். டிரம்ப்பின் வெளியுறவு அமைச்சர் மார்கோ ரூபியோ என்று நான் இழுத்தால் பேச்சை மாற்றி விடுகிறார்கள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். 2026 நவம்பர் இடைக்காலத் தேர்தல் முடிந்ததும் இந்தத் தலைப்பில் நீங்கள் மறுபடி எழுதுவீர்கள். அப்போது கமலாவின் பழைய படங்களைத் தேடி எடுப்பதற்குப் பதில், தென் கரோலினாவில் எந்த ஆளுநர் எத்தனை முறை சர்ச் மேடை ஏறினார், அந்த ஊர்க் கட்சிக்காரர்களின் விருந்துக்கு யார் யாரை அழைத்தார்கள் என்று விசாரித்து நான்கு பத்தி போடுங்கள். நான் காசு கொடுத்து மின்னிதழ் வாங்கிப் படிக்கிறவன், கேட்க உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

உங்கள் வாசகன்,
ஃப்ரிஸ்கோ, டெக்சாஸ்