நாலு வயர், ரெண்டு காயில்

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய படத்தை நேற்று பட்டறையில் பெரிதாக்கிப் பார்த்தேன். கிட்டார் பிக்கப்பிலிருந்து, அதாவது தந்தியின் அதிர்வைச் சிக்னலாக்கும் காந்தக் காயிலிலிருந்து, கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, கூடவே உறை இல்லாத ஒரு வயர். பார்த்ததும் நிம்மதியாக இருந்தது. பழைய மாதிரிப் பிக்கப்பில் ஒரு வயரும் அதைச் சுற்றி எர்த் பின்னலும்தான் வெளியே வரும். அதைத் திறக்காமல் காயிலைப் பிரிக்க, அதாவது ரெண்டில் ஒன்றை மட்டும் ஒலிக்கவைக்க, முடியாது. உன்னுடையதில் ரெண்டு காயிலின் ஆரம்பமும் முடிவும் தனித்தனியாக வந்திருக்கின்றன.

ஆனால் "சிவப்பையும் வெள்ளையையும் சேர்த்துச் சுவிட்ச் வழியாக எர்த்துக்குக் கொடுத்தால் முடிந்தது, ராத்திரியே செய்துவிடுகிறேன்" என்று எழுதியிருந்தாய் பார், அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா" என்று வைத்துவிடுவாய்.

நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சீமோர் டங்கன் பிக்கப்பில் கறுப்பு சிக்னல், சிவப்பும் வெள்ளையும் நடு இணைப்பு (ரெண்டு காயிலும் சேரும் இடம்), பச்சை எர்த். டிமார்ஸியோவில் சிவப்புதான் சிக்னல், கறுப்பும் வெள்ளையும் நடு இணைப்பு. டங்கன் படத்தை வைத்துக்கொண்டு டிமார்ஸியோவை இணைத்தால் ஒரு காயில் தலைகீழாகிவிடும். தந்தியின் ஒலி ஒன்றையொன்று தின்று சன்னமாகக் கேட்கும், கரண்ட் முனகல் மட்டும் கூடிவிடும். உன் பிக்கப்பின் அடியில் பெயர் எதுவும் இல்லை. அப்புறம் எந்தப் படத்தை நம்புவாய்?

நீ மூணாவது படிக்கும்போது ஒரு தோட்டத்து மோட்டார் வந்தது நினைவிருக்கிறதா? வேறு யாரோ கட்டிய காயில். நாங்கள் வழக்கமாகப் போடும் நிறம்தான் என்று நினைத்து ஆறு முனையையும் இணைத்துவிட்டேன். ஒரு ஃபேஸின் ஆரம்பமும் முடிவும் மாறியிருந்தன. சுவிட்ச் போட்டதும் மோட்டார் உறுமியது, சுற்றவில்லை, ரெண்டு நிமிஷத்தில் வார்னிஷ் கருகிய வாசம். தண்ணீர் இல்லாமல் அந்தத் தோட்டத்து வாழை வாடியதை நான் போய்ப் பார்த்தேன். அன்றிலிருந்து மீட்டர் வைக்காமல் ஒரு முனையைக்கூட நான் முறுக்கியதில்லை.

நீயும் அப்படியே செய். பிக்கப்பின் வயர்களை எல்லா இணைப்பிலிருந்தும் விடுவித்து, மீட்டரை ஓம்ஸில் 20கே ரேஞ்சில் வை. எந்த ரெண்டு வயருக்கு நடுவே 4 கிலோ ஓம் போலக் காட்டுகிறதோ அது ஒரு காயில். மிச்சம் ரெண்டும் இன்னொன்று. கொஞ்சம் கூடுதலாகக் காட்டினாலும் பயப்படாதே, சுற்று அதிகம் என்று அர்த்தம். அந்த மிச்ச ரெண்டுக்கு நடுவே மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. அப்படியானால் என்னிடம் அனுப்பு.

அடுத்தது திசை. ஊசி மீட்டர் இருந்தால் சுலபம். உன் அப்பாவின் பழைய மீட்டரைப் பார்சலில் போட்டிருக்கிறேன். டிசி வோல்ட்டின் மிகக் குறைந்த ரேஞ்சில் வைத்து, ஒரு காயிலின் ரெண்டு முனையிலும் பிடி. இரும்பு ஸ்க்ரூடிரைவரை அந்தக் காயிலின் மேல் ஒட்டவைத்து, வெடுக்கென்று எடு. ஊசி வலப்பக்கம் துள்ளினால் மீட்டரின் சிவப்பு வயர் தொடும் முனையில் 'பிளஸ்' என்று காகிதம் ஒட்டு. இடப்பக்கம் போனால் மீட்டர் வயர்களை மாற்றிப் பிடி. ரெண்டாவது காயிலுக்கும் இதேதான். முதல் காயிலின் பிளஸ் சிக்னலுக்கு, அதன் மைனஸ் ரெண்டாவதன் பிளஸோடு, ரெண்டாவதன் மைனஸ் எர்த்துக்கு. உறையில்லாத வயரும் எர்த்துக்கே.

ரெண்டு காயிலிலும் காந்தமும் சுற்றும் எதிரெதிராக இருக்கும். அதனால் தந்தியின் அதிர்வு கூடும், வெளியிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் முனகல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். கிப்சன் கம்பெனியில் சேத் லவர் 1955இல் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார், 1959இல் கிடைத்தது. நீ ஒரு காயிலைப் பிரிக்கும்போது ஒலி கொஞ்சம் இறங்கும், மணி போலத் தெளிவாகும், முனகலும் திரும்ப வரும். அது உன் தப்பு இல்லை.

இழுத்து அமுக்கும் கன்ட்ரோல் திருகின் அடியில் உள்ள சுவிட்சில் ஆறு கால் இருக்கும், மூணு மூணாக ரெண்டு பக்கம். கழுத்துப் பக்கத்துப் பிக்கப்பின் நடு இணைப்பை ஒரு பக்கத்து நடுக்காலிலும், பிரிட்ஜ் பக்கத்து, அதாவது தந்தியின் அடிமுனைப் பக்கத்துப் பிக்கப்பினுடையதை மறுபக்கத்து நடுக்காலிலும் வை. ரெண்டையும் ஒரே காலில் பற்றவைத்தால் அமுக்கியிருக்கும்போதும் பிக்கப்புகள் ஒட்டிக்கொண்டே இருக்கும். இழுக்கும்போது நடுக்கால் எதோடு சேர்கிறது என்பதையும் மீட்டரின் பீப் ஒலியில் பார். பிரிட்ஜ் பக்கம் அந்தக் காலை எர்த்துக்குக் கொடு. கழுத்துப் பக்கம் அந்தப் பிக்கப்பின் சிக்னலுக்கே கொடு. அப்படிச் செய்தால் ஒன்றில் மேல் காயிலும் மற்றதில் கீழ்க் காயிலும் மிஞ்சும், ரெண்டு பிக்கப்பையும் சேர்த்து வாசிக்கும்போது முனகல் மறுபடி அடங்கிவிடும். இதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம், கண்ணு. யோசித்த ஆள் கெட்டிக்காரர்.

பிரித்த ஒலி ரொம்ப மெலிந்ததாகத் தோன்றினால், எர்த்துக்குப் போகும் வழியில் 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டுப் பார். அணைந்த காயில் கொஞ்சம் பேசும்.

கன்ட்ரோலின் முதுகில் பற்றவைக்கும் முன் உப்புத்தாளால் தேய். ஈயம் சட்டென்று பிடிக்கும், சூடு உள்ளே இறங்காது.

இன்னொன்று. அபிகெய்ல் இபாரா என்ற அம்மா 1956இல் ஃபெண்டர் கம்பெனியில் சேர்ந்து, ஐம்பது வருஷத்துக்கு மேல் பிக்கப்புக்குக் காயில் சுற்றியிருக்கிறார். பழைய பிக்கப்புகளில் 42 கேஜ் கம்பி, தலைமுடி போல. கையில் இழுவிசை கொஞ்சம் கூடினாலும் அறுந்துவிடும். முப்பது வருஷம் மோட்டார் கட்டிய எனக்கு அந்த விரல்கள் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். உன் கிட்டாருக்குள் இருப்பதும் என் தொழில்தான் என்று நீ சொன்ன அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

மீட்டர் வியாழக்கிழமை வந்துவிடும். அதுவரை பொறு. பற்றவைத்ததும் மூடி போடாமல் படம் எடுத்து அனுப்பு. ஒன்பது மணி வரை பட்டறையில்தான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா