ஐ.நா.வின் முதல் பொதுச்செயலாளருக்கு

மதிப்பிற்குரிய டிரிக்வே லீ அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கூடத்தில் பொது அறிவுக் கேள்வியின் ஒரு வரி விடையாக உங்கள் பெயரை மனப்பாடம் செய்தவன் நான். அப்புறம் உங்கள் வாழ்க்கையைப் படித்தேன். அன்றிலிருந்து உங்களிடம் பேச வேண்டும் போல இருக்கிறது.

அமெரிக்காவுக்குப் போன உங்கள் அப்பா திரும்பவில்லை. நார்வேயின் ஆஸ்லோ அருகே க்ரோருத்தில் விடுதி நடத்தி அம்மாதான் உங்களை வளர்த்தார். 1919இல் சட்டம் முடித்துத் தொழிற்சங்கங்களின் வழக்கறிஞரானீர்கள். 1940 ஏப்ரலில் ஜெர்மானியப் படை நாட்டுக்குள் புகுந்ததும், அமைச்சராக இருந்த நீங்கள் கடலில் இருந்த நார்வே வணிகக் கப்பல்களை நேச நாட்டுத் துறைமுகங்களுக்குப் போகச் சொன்னீர்கள். சுமார் ஆயிரம் கப்பல்கள்! அதற்காகவே உங்களைக் கும்பிடலாம்.

ஆனால் 1936 என் மனதை உறுத்துகிறது. அப்போது நீங்கள் நீதி அமைச்சர். சோவியத் நாட்டிலிருந்து துரத்தப்பட்டு, உங்கள் அரசு அடைக்கலம் கொடுத்த ரஷ்யப் புரட்சித் தலைவர் ட்ராட்ஸ்கியை மாஸ்கோவின் நெருக்கடிக்குப் பயந்து வீட்டுக்காவலில் வைத்தீர்கள். தன்னை அவதூறு செய்தவர்கள்மேல் அவர் வழக்குப் போட முயன்றபோது, அதையும் அவசரச் சட்டம் போட்டுத் தடுத்தீர்கள். டிசம்பரில் 'ரூத்' என்ற எண்ணெய்க் கப்பலில் ஏற்றி மெக்சிகோவுக்கு அனுப்பிவிட்டீர்கள். ஒரு வழக்கறிஞர் இன்னொருவருக்கு நீதிமன்றக் கதவைச் சாத்தலாமா ஐயா?

1950இல் கொரியப் போரில் வட கொரியாவை வெளிப்படையாகக் கண்டித்தீர்கள். அதுவரை உங்களை ஏற்றிருந்த சோவியத் நாடு அதன்பின் உங்களைப் பொதுச்செயலாளராகவே மதிக்கவில்லை. கடிதங்களில்கூட உங்கள் பெயரைத் தவிர்த்துத் தலைமைச் செயலகத்துக்கு என்றே எழுதினார்கள். மனம் எவ்வளவு புண்பட்டிருக்கும்! சரி, அதையும் தாங்கினீர்கள்.

தாங்க முடியாமல் போனது மறுபக்கத்து அழுத்தம். கம்யூனிஸ்டுகளைத் தேடி விசாரித்த அமெரிக்க செனட் குழுவின் முன் பதில் சொல்ல மறுத்த, ஐ.நா.வின் அமெரிக்க ஊழியர்களை வேலையை விட்டு நீக்கினீர்கள். அப்படி மறுக்கும் உரிமையை அவர்கள் நாட்டு அரசியல் சாசனமே தந்திருந்தது. ஐ.நா. கட்டிடத்துக்குள்ளேயே அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.க்கு இடம் கொடுத்தீர்கள். 1952 நவம்பரில் நீங்கள் பதவி விலகலை அறிவித்த மூன்றாம் நாள், அந்த ஊழியர்களுக்காக மன்றாடி ஓய்ந்திருந்த உங்கள் சட்ட ஆலோசகர் ஏப்ரஹாம் ஃபெல்லர் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

1953 ஏப்ரலில் நியூயார்க் விமான நிலையத்தில் உங்களுக்கு அடுத்த பொதுச்செயலாளர் ஹாமர்ஷோல்டை வரவேற்றபோது, இந்த உலகத்திலேயே செய்ய முடியாத வேலைக்கு வந்திருக்கிறீர்கள் என்றீர்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் எஃப்.பி.ஐ. ஆட்களைக் கட்டிடத்தை விட்டு வெளியே அனுப்பிவிட்டார்.

அன்புடன்,
ஒரு வாசகன்