மனைப்பிரிவுகளுக்கு ஒப்புதல் வழங்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

மதுரை நாகமலை அடிவாரத்தில் புதிதாக உருவான குடியிருப்பு ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாக வசித்து வருகிறேன். எதிர்சேவையையும் அழகர் ஆற்றில் இறங்குவதையும் பார்ப்பதற்காக, வடக்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் உள்ள என் மாமனார் வீட்டில் நாங்கள் தங்கியிருந்த இரண்டு இரவுகளுக்குள், எங்கள் வீட்டுப் பின்கதவின் நாதாங்கியைக் கடப்பாரையால் நெம்பிப் பீரோவை உடைத்து நகைகளை எடுத்துச் சென்றுவிட்டார்கள்.

வந்தவர்கள் முன்வாசலைத் தொடவே இல்லை. பின்னால் உள்ள மூன்று காலி மனைகளில் சீமைக் கருவேலம் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து நிற்கிறது. அதன் முள் ஒன்று ஒடிந்து சமையலறைத் தரையில் கிடந்தது. காவலுக்கென்று நான் எழுப்பிய ஆறடிச் சுற்றுச்சுவர், உள்ளே குதித்தவர்களைத் தெருவின் கண்ணிலிருந்து மறைத்தது. கேமராவும் இருந்தது, துண்டு கட்டிய முகம் அதில் மிகத் தெளிவாகப் பதிந்திருக்கிறது.

மாமனார் வீட்டுக்கு இரு பக்கமும் பொதுச்சுவர், பின்னால் அடுத்தவர் வீட்டுச் சுவர், முன்னால் திண்ணை. தெரு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். அந்தத் தெருவிலோ இரவுக் கடை அடுப்பு அணைவதற்குள் பால்காரர் வந்துவிடுகிறார். மொட்டை மாடிக்கு மொட்டை மாடி தாவி வர முடியும் என்பதால்தான் முற்றத்தின் மேல் இரும்புக் கம்பி போட்டிருக்கிறார்கள். ஆயினும் அக்கம்பக்கத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் கிடங்குகளாகி இரவில் ஆளற்றுப் போவதால், அங்கும் பழைய காவல் தளர்ந்து வருகிறது.

நியூயார்க்கின் புரூக்ளினில் அருகருகே இருந்த வான் டைக், பிரவுன்ஸ்வில் என்னும் இரு குடியிருப்புகளை ஒப்பிட்ட ஆஸ்கார் நியூமன் என்ற கட்டடக் கலைஞர், இரண்டிலும் மக்கள் நெருக்கம் ஏறத்தாழ ஒன்றாக இருந்தும் உயர்ந்த அடுக்குமாடிகள் கொண்ட முன்னதில் குற்றங்கள் அதிகம் என்று 1972-இல் எழுதினார். அவர் முடிவுகளை மறுத்தவர்களும் உண்டு. என் வீட்டையும் மாமனார் வீட்டையும் பார்த்த எனக்கு, கட்டட அமைப்புக்கும் குற்றத்துக்கும் என்ன தொடர்பு என்று அவர் கேட்ட கேள்வி சரியென்றே படுகிறது.

10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் போக எஞ்சியதில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது விதி. எங்கள் மனைப்பிரிவில் அளவு சரியாகவே இருக்கிறது. ஆனால் விலைபோகாத கடைக்கோடி மூலையில், ஓடைக்கரையில், எந்த வீட்டு வாசலும் பார்க்காத இடத்தில் அது கிடக்கிறது. அந்த இடத்தை உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுக்கும் தானப் பத்திரம் பதிவான நாளில் அங்கே ஒரு விளக்குகூட இல்லை.

ஆகவே, வரைபடத்தைச் சரிபார்க்கும்போது திறந்தவெளியின் பரப்பளவோடு, எத்தனை வாசல்கள் அதைப் பார்க்கின்றன என்பதையும் கேளுங்கள். தெருவிளக்குகள் எரிவதைக் கண்ட பிறகே சாலைகளை ஏற்றுக்கொள்ளுங்கள். முகப்புச் சுவரை இடுப்பளவோடு நிறுத்தி அதற்கு மேல் கம்பி வைக்கச் சொல்லுங்கள். என் சுவரை அவ்வாறு மாற்றக் கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன். பின்னால் உள்ள மூன்று மனைகளின் உரிமையாளர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்பது எங்கள் தெருவில் எவருக்கும் தெரியாது. உள்ளாட்சியின் காலிமனை வரிப் பதிவேட்டில் இருக்கும். கருவேலத்தை வெட்டச் சொல்லி அவர்களுக்கு நோட்டீஸ் அனுப்ப ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாகமலை அடிவாரக் குடியிருப்பாளர் ஒருவர்