பையைக் கொட்டுவதற்கு முன் மாத்திரையை எண்ணுங்கள்

வீட்டுப் பராமரிப்புக்கு ஆள் அனுப்பும் நிறுவன மேலாளர்களுக்கு,

வணக்கம்.

வலி மாத்திரையில் ஆறு குறைகிறது என்று நோயாளியின் வீட்டார் சொன்ன மாத்திரத்தில், எங்களில் ஒருவரின் பையை அந்த வீட்டுக் கூடத்திலேயே கொட்டிக் காட்டச் சொன்னீர்கள். சாப்பாட்டு டப்பா, மாற்றுத் துணி, சானிட்டரி நாப்கின் எல்லாம் எல்லோர் கண் முன்னாலும் தரையில் கிடந்தன. மாத்திரை கிடைக்கவில்லை. ஆனாலும் மறுநாளிலிருந்து அவருக்கு வேலை இல்லை. மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். நாங்கள் கேட்பது ஒன்றுதான்: திருட்டு என்று வாயெடுக்கும் முன் எண்ணுங்கள்.

அட்டையை மேலோட்டமாகப் பார்த்தால் போதாது. ரசீதில் 60 மாத்திரை, காலை ஒன்று, இரவு ஒன்று என்று வையுங்கள். 12 நாளில் 24 போக 36 இருக்க வேண்டும். அட்டையில் இருப்பது 30. உடனே ஆறு திருட்டு என்று முடிவாகிவிடுகிறது. வாராந்திர மாத்திரைப் பெட்டியில் அடுத்த இரண்டு நாளுக்குப் பிரித்துப் போட்ட நான்கை யாரும் கூட்டுவதில்லை. வலி தாங்காவிட்டால் கூடுதலாக ஒன்று தரலாம் என்று மருத்துவர் எழுதியிருப்பார். அப்படி இரவில் மகனோ மகளோ எடுத்துக் கொடுத்த இரண்டு எந்தத் தாளிலும் ஏறியிருக்காது. இதோ ஆறும் வந்துவிட்டது. பரிசோதனைக்குப் போனபோது ஃபைலோடு போன அட்டை அங்கேயே தங்கிவிடுவதும் உண்டு.

சிரப் என்றால் இன்னும் மோசம். 5 மில்லி வீதம் 100 மில்லி பாட்டில் 20 வேளைக்கு வர வேண்டும். சிரிஞ்சில் அளக்காமல் சமையலறைக் கரண்டியில் ஊற்றி, வேளைக்கு 1 மில்லி கூடிப்போனால் 16 வேளையிலேயே ஏறக்குறைய தீர்ந்துவிடும். குறைந்த அந்த மருந்து போனது நோயாளியின் உடம்புக்குள்.

அதனால்தான் சொல்கிறோம், மார்ஃபின், டிரமடால் போன்ற, அளவு கூடினால் மூச்சை மந்தமாக்கும் வலி மருந்து குறைந்தால் முதலில் நோயாளியைப் பாருங்கள். மறதி உள்ளவர் தானாகவே இரண்டு முறை போட்டிருக்கலாம். கடிகாரத்தை வைத்து மூச்சை எண்ணுங்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு. அதற்குக் கீழே இறங்கி, கண்பாவை ஊசிமுனை போலச் சுருங்கி, தட்டி எழுப்பினாலும் விழிக்கவில்லை என்றால் உடனே ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். பையைக் குடைந்துகொண்டிருந்த அந்த அரை மணி நேரத்தில் நோயாளியின் பக்கத்தில் யாருமே இல்லை!

இந்த மருந்துகளைத் திருடுபவர்களே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. இருக்கிறார்கள். அதற்காகத்தான் பூட்டுள்ள பெட்டி கேட்கிறோம். பேனாவும் சார்ஜரும் கிடக்கும் அதே டிராயரில் மாத்திரையும் கிடக்கிறது. ஐந்து பேர் கை வைக்கிறார்கள். சோதனை மட்டும் சம்பளத்துக்கு வந்தவருக்கு.

தயவுசெய்து இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும் வருபவரும் போகிறவரும் சேர்ந்து எண்ணி, தேதி, நேரம், மீதி எழுதிக் கையெழுத்துப் போடட்டும். கீழே விழுந்தது, நோயாளி துப்பியது, பாதியாக உடைத்தது எல்லாம் அதே நோட்டில் ஏறட்டும். வீட்டார் கொடுத்தால் அவர்களும் எழுதட்டும். கணக்கு இடித்தால், அந்தக் கணக்கைத் தாளில் போட்டு, குற்றம் சாட்டப்படுபவரிடம் ஒரு நகல் கொடுத்து, பதில் சொல்ல நேரம் கொடுங்கள். அதுவரை யார் பையையும் தொடாதீர்கள்.

அந்த வீட்டு மாத்திரைகளையும் ரசீதை வைத்து ஒருமுறை எண்ணுங்கள். கணக்கு நேரானால், வேலையிழந்த அந்தப் பணியாளரின் ஃபைலில் நீங்கள் எழுதிய "திருட்டுச் சந்தேகம்" என்ற வரியை அடித்துவிட்டு, அந்த வீட்டாருக்கும் எழுத்தில் தெரிவித்து, அவரை வேலைக்குத் திரும்பக் கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
வீட்டுப் பராமரிப்புப் பணியாளர்கள்