கனிமம் விற்ற பணம் வருமானம் ஆகாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். எண்ணெயும் கனிமமும் மிகுந்த நாட்டுக்கு வளர்ச்சி தானாக வந்து சேரும் என்ற தொனியில் எழுதப்பட்ட தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். நிறுவனக் கணக்குகளைத் தணிக்கை செய்தே காலம் கழித்தவன் நான். அதை ஏற்க மனம் ஒப்பவில்லை.

ஒரு நிறுவனம் தன் நிலத்தை விற்று, வந்த தொகை முழுவதையும் அந்த ஆண்டின் லாபமாகக் காட்டினால் எந்தத் தணிக்கையாளரும் கையெழுத்துப் போட மாட்டார். நாடுகளின் கணக்கிலோ இதுதான் வழக்கம். தோண்டியெடுத்த தாதுவின் மதிப்பு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறுகிறது. மண்ணுக்குள் குறைந்துபோன இருப்பை யாரும் கழிப்பதில்லை.

பசிபிக் தீவான நவூருவின் பரப்பு 21 சதுர கிலோமீட்டர்தான். பாஸ்பேட் விற்றே 1970களில் தனிநபர் வருமானத்தில் உலகின் முன்வரிசையில் நின்றது. வருங்காலத்துக்கென்று நிதியும் ஒதுக்கினார்கள். அந்தப் பணம் வெளிநாட்டுக் கட்டடங்களில் முடங்கியது. 1993இல் லண்டனில் அரங்கேறிச் சில வாரங்களிலேயே நின்றுபோன ஓர் இசை நாடகத்துக்குக்கூட நவூருவின் பணம் போனது! பாஸ்பேட் தீர்ந்தபோது, எதுவும் விளையாத சுண்ணாம்புப் பாறைக் கூர்களும் கடனும்தான் மிஞ்சின.

அதற்காக, வளமே சாபம் என்பாரோடும் நான் சேரமாட்டேன். 1966இல் விடுதலை பெற்றபோது ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானா உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. மறு ஆண்டே ஒராபாவில் வைரம் கிடைத்தது. முதல் அதிபர் செரட்சே காமா, தம் குலத்தாரின் நிலத்தில் கிடைப்பது உட்பட, கனிமம் நாட்டுக்கே உரியது என்று சட்டம் கொண்டுவந்தார். 1990களில் அங்கே வகுத்த அளவுகோல் ஒன்றை நான் பெரிதும் மதிக்கிறேன். நிர்வாகம் போன்ற நடப்புச் செலவு, கனிமம் சாராத வருவாய்க்குள் அடங்க வேண்டும். வைரப் பணம் முதலீட்டுக்கு மட்டும். கல்வியும் மருத்துவமும் முதலீட்டில் சேர்த்தி. நடப்புச் செலவைக் கனிமம் சாராத வருவாயால் வகுத்து வரும் விகிதம் ஒன்றைத் தாண்டினால், நாடு சொத்தை விற்றுச் சாப்பிடுகிறது என்று பொருள். ஒரு நாட்டின் வரவுசெலவை இதைவிடத் தெளிவாகச் சோதிக்கும் கணக்கை நான் பார்த்ததில்லை.

அந்த நாடும் இன்று தடுமாறுகிறது. ஆய்வகத்தில் உருவாகும் வைரம் சந்தையைப் பிடிக்க, 2024இல் அதன் பொருளாதாரம் சுருங்கியது. வைரத்தைத் தவிர வேறு தொழில் போதிய அளவில் வளரவில்லை. வளம் பெருகிய இடத்தில் மற்றத் தொழில்கள் நலிவதற்கு நாணயமும் ஒரு காரணம். நெதர்லாந்தில் 1959இல் எரிவாயு கிடைத்தது. ஏற்றுமதிப் பணம் குவிந்து நாணய மதிப்பு ஏற, அந்நாட்டு ஆலைப் பொருள்கள் வெளிச்சந்தையில் விலை கூடித் தேங்கின. நார்வே இதைக் கண்டு விழித்துக்கொண்டது. எண்ணெய்ப் பணத்தை வெளிநாட்டில் முதலீடு செய்து, அதில் எதிர்பார்க்கும் ஈட்டத்தை மட்டும் செலவிடுவதென 2001இல் விதி வகுத்தது.

ஐ.நா. புள்ளியியல் ஆணையம் 2025இல் ஏற்ற புதிய தேசியக் கணக்கு முறை, இருப்புக் குறைவை உற்பத்திச் செலவாகக் கழித்து நிகர உற்பத்தியைக் காட்டச் சொல்கிறது. நாடுகள் அதற்கு மாற ஆண்டுகள் ஆகும். அதுவரை, வளம் மிக்க நாடுகளின் வளர்ச்சி விகிதத்தை வெளியிடும்போதெல்லாம், கனிமத்தை நீக்கினால் அது எவ்வளவு என்ற எண்ணையும் பக்கத்திலேயே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்குத் தணிக்கையாளர்