எல்லாவற்றுக்கும் 'சோகம்' தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் கும்பகோணம், மன்னார்குடி ஜெராக்ஸ் கடைகளில் வாங்கிப்போகும் ஆங்கிலச் சொற்பட்டியல்களில் க்ரீஃப், சாரோ, மெலன்கலி, டெஸ்பேர் எல்லாவற்றுக்கும் 'சோகம்' என்றே போட்டிருக்கிறது. இதை மனப்பாடம் செய்து போனால் வினாத்தாளில் நான்கு விடையும் சரிபோலத்தான் தெரியும்.

அழுகைக்கே இளிவு (பிறர் இகழ்வது), இழவு (இழப்பு), அசைவு (முன்பிருந்த நிலை கெட்டுத் தளர்வது), வறுமை என நான்கு காரணம் பிரித்தவர் தொல்காப்பியர். ஆங்கிலச் சொற்களையும் அப்படிக் காரணம் பார்த்துப் பிரித்தால் பாதி வேலை முடிந்தது. இழவு வீட்டில் இருப்பது க்ரீஃப். ஏனென்று சொல்லத் தெரியாமல் நாள்கணக்கில் கவிந்து கிடப்பது மெலன்கலி. இனி வழியே இல்லை என்று கைவிட்டுவிடுவது டெஸ்பேர்.

அதிகம் பேர் தடுக்கி விழுவது ரிமோர்ஸில்தான். 'திரும்பக் கடிப்பது' என்ற லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. தான் செய்த தப்பு தன் மனதைக் கடிக்க வேண்டும். அறுவடை நேரத்து மழையில் கதிரிலேயே நெல் முளைத்துப்போனால் விவசாயிக்கு வருவது ரிமோர்ஸ் அல்ல. பங்காளியின் வரப்பை வெட்டிச் சேர்த்துக்கொண்டவனுக்கு வரவேண்டியது அது. (வருவதில்லை என்பது வேறு விஷயம்.)

கேடு என்பதிலும் அளவு உண்டு. டிராக்டரிலிருந்து இரண்டு மூட்டை சரிந்தால் மிஸ்ஹாப். 2018 நவம்பரில் கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி தென்னந்தோப்புகளைச் சாய்த்தது கலாமிட்டி. புதுக் கன்று காய்க்கும்வரை அந்தக் குடும்பங்கள் ஓட்டிய வருடங்கள் அட்வர்சிட்டி. டெவஸ்டேட் என்றால் பாழாக்குவது. தோப்புக்கும் சொல்லலாம், தோப்புக்காரர் மனதுக்கும் சொல்லலாம்.

மனுக்களில் விவசாயிகளின் நிலையை 'பதெடிக்' என்று எழுதுகிறார்கள். இன்றைய ஆங்கிலத்தில் அதில் இளக்காரம் தொனிக்கும். டிஸ்ட்ரெஸிங் என்றால் போதும்.

பிரிபொசிஷனை விட்டுவிட்டுச் சொல்லை மட்டும் படிப்பதும் வீண். துக்கம் விசாரிக்க 'ஐ கன்டோல் யூ' என்றால் பிழை; நடுவில் 'வித்' வேண்டும். நாளைக்கு 5 சொல், ஒவ்வொன்றுக்கும் நம்மூர் சங்கதியில் சொந்தமாக ஒரு வாக்கியம். மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள் நோட்டை மூடிவைத்துச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

தங்கள் கல்விப் பக்கத்தில் சொற்பட்டியல் வெளியிடும்போது சொல்லைக் குறைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் சேர்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

— ஆங்கிலம் கற்பிப்போர் சிலர், திருவாரூர் மாவட்டம்